பத்திரத்தை வைத்து மகனுக்குக் கடை போட்டுக் கொடுக்கலாமா?

மதுரை அனுப்பானடியிலிருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 57. கணவர் மில் தொழிலாளி. 1998-இல் இரண்டரை சென்ட் இடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, பிறகு மாடியும் எடுத்தார். 2017-இல் காலமாகிவிட்டார். உயில் எதுவும் இல்லை. மகளுக்கு 30 பவுன் போட்டு விருதுநகரில் கட்டிக் கொடுத்தாயிற்று. 29 வயது மகன் ஒரு பிளைவுட் கடையில் 8 வருஷமாக சேல்ஸ்மேன், சம்பளம் 24,000 ரூபாய். மாடி வாடகை 7,500, கணவரின் பி.எஃப். வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம் 2,350. நகை 14 பவுன் இருக்கிறது.

மகனும் ஒரு நண்பரும் சேர்ந்து ரிங் ரோடு பக்கம் பிளைவுட், ஹார்டுவேர் கடை போட நினைக்கிறார்கள். 20 லட்சம் வேண்டுமாம். நண்பர் 3 லட்சம் போடுவார், லாபம் பாதிக்குப் பாதி. லோன் ஏஜென்ட் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வீடு 48 லட்சம் போகும், 30 லட்சம் வரைக்கும் வாங்கித் தரலாம். சும்மா கிடக்கிற சொத்துதானே, அதை வேலை வாங்குங்க" என்றிருக்கிறார். நண்பருக்குத் தெரிந்த பைனான்ஸ்காரரோ, பவர் (அவர் பேரில் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் 5 நாளில் பணம், 2 வட்டிதான் என்கிறார். "வீட்டு வரி என் பேரில்தான் கட்டுகிறேன். நான் ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் போடப் போகிறேன். கட்ட முடியாமல் போனாலும் கோர்ட், கேஸ் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுக்குமாமே? மகளுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன்" என்று முடிக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை படித்தபோது இது கடன் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியாகத்தான் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் மாமியார் 2022-இல் தவறிப் போனார், கடைசி வரைக்கும் நான்தான் பார்த்துக்கொண்டேன்." இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வீடு யார் பேரில் இருக்கிறது?

வீட்டு வரி ரசீதில் உங்கள் பெயர் இருக்கிறது. மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கலாம். இதெல்லாம் யார் பணம் கட்டுகிறார்கள் என்பதற்குத்தான் சான்று. வீடு உங்களுடையது என்பதற்குச் சான்று ஆகாது. பட்டாகூடத் தனியாக நின்றால் உரிமையை நிலைநாட்டிவிடாது. 1998-இல் எழுதிய கிரயப் பத்திரம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் காலமாகியிருக்கிறார். அப்படியானால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் கண் மூடிய அன்றே வீடு அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போய்விட்டது. நீங்கள், மகன், மகள், அப்புறம் அன்று உயிரோடு இருந்த அவருடைய அம்மா. நாலு பேருக்கும் சமமாகக் கால் கால் பங்கு.

"மாமியாருக்கு எப்படிப் பங்கு வரும்?" என்று என் அலுவலகத்தில் கேட்காதவர்களே கிடையாது. மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பலரும் மனைவி, பிள்ளைகளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த மாமியாரும் 2022-இல் உயில் இல்லாமல் போய்விட்டதால், அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கும். தேனியில் இருக்கும் கொழுந்தனார், உசிலம்பட்டியில் இருக்கும் நாத்தனார், அவருக்கு முன்பே இறந்துவிட்ட உங்கள் கணவரின் இடத்தில் உங்கள் மகனும் மகளும். வீட்டை 24 பங்காக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. உங்களுக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, கொழுந்தனாருக்கு 2, நாத்தனாருக்கு 2.

முழு வீடும் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். சட்டப்படி உங்களுடையது கால் வீடு. இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும் என்று தெரியும். உங்களை யாரும் வெளியே போகச் சொல்லப் போவதில்லை. ஆனால் கால் பங்குக்காரர் முழு வீட்டையும் ஈடாக வைக்க முடியாது.

மகளுக்கு 30 பவுன் போட்டது அவருடைய பங்கை அழித்துவிடாது. "சீர் செய்து கட்டிக் கொடுத்தாச்சு, அதோடு சரி" என்பது ஊர்ப் பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதனால் அவருக்குத் தெரியாமல் இந்தக் கடனை வாங்க வழியே இல்லை. வங்கியின் பேனல் வக்கீல் முதலில் கேட்பதே வாரிசுச் சான்றைத்தான். அதில் மகள் பெயர் இருக்கும், அவர் கையெழுத்தும் வேண்டும். அதெல்லாம் தேவையில்லை, வரி ரசீதே போதும் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கே வட்டியைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். பிற்பாடு மகளோ கொழுந்தனாரோ வழக்குப் போட்டால் நடுவில் நிற்கப் போவதும் நீங்கள்தான்.

மற்றவர்கள் மனமுவந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யலாம். முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு உண்டு. நாத்தனாரும் கொழுந்தனாரும் சும்மா விட்டுக்கொடுப்பார்களா, ஏதாவது கேட்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்தச் சாக்கில் "எல்லாரும் மகன் பேருக்கே எழுதிவிடுங்கள், லோன் சுலபமாகக் கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். உங்கள் 6 பங்கை மகன் பேருக்கு எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். செட்டில்மென்ட், அதாவது தானமாகப் பத்திரம், எழுதிக் கொடுத்த பிறகு மனசு மாறினால் நினைத்த நேரத்தில் ரத்து செய்ய முடியாது. உங்கள் மகன் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு அவர் கடைக்குக் கடன்காரர் வந்தால், அவர் பேரில் இருக்கிற சொத்தைத்தான் பார்ப்பார்.

இந்த வேலையைக் கடன் வாங்கினாலும் செய்யுங்கள், வாங்காவிட்டாலும் செய்யுங்கள். இன்றைக்கு நாலைந்து பேர் கையெழுத்தோடு முடியும். இன்னும் பத்து வருஷம் போனால் வாரிசுகள் எத்தனை பேராகப் பெருகியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஜாமீன் கையெழுத்து ‘மட்டும்’தான்

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் இந்த ‘மட்டும்’. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் அது மாறும். வங்கி தன் ஒப்பந்தத்தில் அப்படி எழுதாது. முதலில் மகனிடம் கேட்டுப் பார்த்து, முடியாமல் போனால்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. போதாததற்கு, சொத்தில் பங்குள்ளவர்களைப் பெரும்பாலும் இணைக் கடன்தாரர்களாகவே சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தால் மகன் தவணை தவறும்போது உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் எண்) சேர்ந்து விழும். மகள் கையெழுத்துப் போட்டால் அவருக்கும் இதே கதிதான். அவர் வீட்டில் கலந்து பேசி, தனியாக ஒரு வக்கீலிடம் காட்டி, அப்புறம் முடிவெடுக்கட்டும்.

கேஸ் இழுக்கும் என்ற நம்பிக்கை

இதை யார் சொன்னார்களோ, 2002-க்கு முந்தைய காலத்தை நினைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷம் வந்த சர்ஃபேசி சட்டத்துக்குப் பிறகு, ஈடாக வைத்த வீட்டை எடுக்க வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. அடுத்து 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். அதற்குள் மொத்தப் பாக்கியையும் கட்டவில்லை என்றால் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கும். வீட்டில் ஆள் குடியிருந்தால் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் வழியாக உத்தரவு வாங்கி வருவார்கள். பிறகு ஏல அறிவிப்பு, பேப்பர் விளம்பரம்.

செல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். துண்டு வியாபாரத்துக்காக வீட்டை வைத்தவர். மஞ்சப்பையிலிருந்து ஒரு பதிவுத் தபாலை எடுத்து மேசையில் வைத்தார். உறையைப் பிரிக்கவே இல்லை. பிரிக்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்தபோது 60 நாளில் 50 நாள் போயிருந்தது.

உரிமைகள் இல்லாமல் இல்லை. அந்த 60 நாள் நோட்டீசுக்கு உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கையில் தவறு இருந்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். ஏலத்தில் பாக்கிக்கு மேல் வந்த பணம் உரிமையாளர்களுக்குத்தான் சேரும். ஆனால் 2016 திருத்தத்துக்குப் பிறகு, முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு போய்விடுகிறது. கடைசி நாளில் பணத்தோடு ஓடிப்போய் நிறுத்திவிடலாம் என்ற கதை இப்போது செல்லாது. அறிவிப்பை வீட்டு வாசலிலும் ஒட்டுவார்கள். காலையில் கோலம் போட வரும்போது தெருவே நின்று அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

‘2 வட்டி’க்காரர்

பைனான்ஸ்காரரைப் பற்றி நீங்கள் "வங்கியைவிடக் கொஞ்சம்தான் கூட" என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் சொல்லும் 11 சதவீதம் ஒரு வருஷத்துக்கு. இவர் சொல்லும் 2 வட்டி ஒரு மாதத்துக்கு, 100 ரூபாய்க்கு 2 ரூபாய். வருஷத்துக்கு 24 ஆகிறது. 20 லட்சத்துக்கு மாதம் 40,000 ரூபாய் வட்டி மட்டுமே கட்ட வேண்டும், அசல் அப்படியே நிற்கும். மகனின் இன்றைய சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

வட்டியைவிட அவர் கேட்கும் பவர்தான் பெரிய ஆபத்து. விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்தால் வீட்டை விற்கும் சாவியை அவர் கையில் கொடுத்ததாகத்தான் அர்த்தம். சிலர் பவருக்குப் பதில் கிரயமாகவே எழுதி வாங்கிக்கொண்டு, "பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று வாயால் சொல்வார்கள். பணம் கட்டினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் சட்டம் அதை அடமானக் கிரயமாகப் பார்க்கும். இல்லையென்றால் பதிவான பத்திரத்துக்கு எதிராக வாய்ச் சொல்லை நிரூபிக்கப் பல வருஷம் கோர்ட்டில் நிற்க வேண்டும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து புகார் கொடுப்பவர்களின் முகத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வழியை இன்றோடு மறந்துவிடுங்கள்.

வங்கிக் கடன் என்றால்?

சரி, எல்லாரும் சம்மதித்து, பத்திரமும் சீராகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 20 லட்சம் வாங்கலாமா?

ஏஜென்ட் சொன்ன 48 லட்சத்தை நம்பாதீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் குறைத்துத்தான் போடுவார், ஏலத்தில் அதைவிடக் குறைவாகத்தான் போகும். "சும்மா கிடக்கிற சொத்து" என்பதும் தவறு. கீழே நீங்கள் குடியிருக்கிறீர்கள், மேலே 7,500 வாடகை வருகிறது. அந்த வீடு ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

20 லட்சம், 11 சதவீதம், 10 வருஷம் என்று போட்டால் மாதத் தவணை சுமார் 27,550 ரூபாய். கட்டி முடிக்கும்போது சுமார் 33 லட்சம் ஆகியிருக்கும். 15 வருஷமாக நீட்டினால் தவணை 22,700-க்கு இறங்கும், மொத்தம் ஏறக்குறைய 41 லட்சமாக ஏறும். கடை திறந்த முதல் மாதமே டியூ ஆரம்பித்துவிடும். பிளைவுட் வியாபாரத்தில் கார்பெண்டர்களும் கான்ட்ராக்டர்களும் சரக்கை எடுத்துக்கொண்டு வேலை முடிந்த பிறகுதான் பணம் தருவார்கள். இது உங்கள் மகனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் தவணையை யார் கட்டுவது? உங்கள் கையில் வருவது வாடகையும் ஓய்வூதியமும் சேர்ந்து 9,850. அதில் உங்கள் சாப்பாடும் மருந்தும் போக வேண்டும்.

கூட்டாளி விஷயத்திலும் எனக்கு உறுத்துகிறது. 3 லட்சம் போடுபவருக்கும் வீட்டையே ஈடு வைப்பவருக்கும் லாபத்தில் சரிபாதியா? நஷ்டம் வந்தால் அவருக்கு 3 லட்சம் போகும், உங்களுக்கு வீடு போகும். கூட்டு நிறுவனத்தில் ஒரு கூட்டாளி கடைப் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. எழுத்தில் கூட்டு ஒப்பந்தம் போடாமல், வீட்டின் மேல் வாங்கும் கடனுக்கு அவரும் பொறுப்பேற்காமல், ஒரு ரூபாயும் இறக்க வேண்டாம்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வீட்டின் மேல் 20 லட்சம் வேண்டாம். அதற்காகக் கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 8 வருஷம் ஒரே தொழிலில் இருந்து, சரக்கும் வாடிக்கையாளரும் தெரிந்த பையன் சொந்தமாக நிற்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த 20 லட்சத்தில் கடை அட்வான்ஸ் எவ்வளவு, ரேக் எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். ஹார்டுவேர், லாக், கீல், பசை என்று சிறு சாமான்களோடு தொடங்கி, பிளைவுட்டை ஆர்டருக்கு எடுத்துக் கொடுத்தால் பாதிப் பணம் போதுமா என்று கேளுங்கள். தெரிந்த ஆளுக்கு டீலர்கள் சரக்கைக் கடனுக்கு இறக்குவதும் உண்டு.

குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்ரா கடன் இந்த வகைதான். மகன் முதலில் தன் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போகட்டும், மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரிக்கட்டும். மேனேஜர் "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டால், இந்த விதியைச் சொல்லி, மறுப்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மேற்கொண்டு வேண்டியதற்கு 14 பவுனில் ஒரு பகுதியை வங்கியில் நகைக் கடன் வைக்கலாம். நகையை இழப்பதும் வலிதான், ஆனாலும் அதற்கப்புறமும் நீங்கள் சொந்த வீட்டில்தான் இருப்பீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. 10 லட்சத்துக்கு இதே கணக்கில் தவணை சுமார் 13,775 வரும். இந்த மாதம் தொடங்கி 6 மாதம், 5-ஆம் தேதி தவறாமல், மகன் தன் சம்பளத்திலிருந்து அந்தத் தொகையைத் வங்கியில் 6 மாத ஆர்.டி.யில் போடட்டும். முடிந்தால் 82,650 ரூபாய் சேர்ந்திருக்கும், கடை தள்ளாடும் மாதங்களுக்கு அது கைகொடுக்கும். மூன்றாம் மாதமே நின்றுபோனால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பத்திரத்தை வைத்தே ஆக வேண்டும் என்று குடும்பமாக முடிவெடுத்தால், கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த வருடாந்திரச் செலவு அதில் இருக்க வேண்டும். கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மகன் பேரில் ஒரு டேர்ம் பாலிசி அவசியம். வங்கியில் கொடுக்கும் ஒவ்வொரு மூலப் பத்திரத்துக்கும் பட்டியல் போட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. பத்திரம் ஒப்படைத்த ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவார்கள், அது வில்லங்கச் சான்றில் ஏறும். கடன் முடிந்ததும் அதற்கு ரத்து ரசீது பதிவு செய்ய மறக்காதீர்கள். மறந்துவிட்டு, பத்து வருஷம் கழித்து வீட்டை விற்கும்போது அலைகிறவர்கள் நிறைய.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மகளுக்குப் போன் போட்டு நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம். இரண்டாவது, கணவரின் இறப்புச் சான்றோடு மாமியாரின் இறப்புச் சான்றையும் தேடி எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அவரை உசிலம்பட்டிக்குக் கூட்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உயிர் பிரிந்தது அங்கே என்றால் பதிவும் அங்கேதான் இருக்கும், மதுரை மாநகராட்சியில் தேடினால் கிடைக்காது. நாத்தனாரிடம் கேளுங்கள், ஒரு பிரதி அவரிடம் இருக்கலாம். பேச்சை ஆரம்பிக்க அதுவும் ஒரு சாக்கு.